திருகோணமலையில் வீடெடுத்து, நாமே சமைத்துத் தங்க: முழுமையான வழிகாட்டி

உப்புவெளியில் ஒரு ஹோட்டல் அறை, காலையில் புறாத்தீவுப் படகு, பின்னேரம் கோணேசர் கோயில், அடுத்த நாள் மூட்டை கட்டிவிடுவது. திருகோணமலைக்கு வருகிறவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு இதுதான். இரண்டு பேருக்கு இது போதும். அம்மா, அப்பா, பிள்ளைகள், கனடாவிலிருந்து வந்த சித்தி குடும்பம் என்று பத்துப் பேர் சேர்ந்து நாலைந்து நாள் ஆறுதலாக இருக்க வேண்டும் என்றால் ஒத்துவராது. அறை அறையாகக் காசு கட்டி, மூன்று வேளையும் கடைச் சாப்பாட்டுக்குக் காத்திருந்து, பிள்ளைக்குப் பால் காய்ச்ச ரிசெப்ஷனில் கெஞ்சுவதற்குப் பதிலாக, நகரத்துக்கு வெளியே குசினியோடு ஒரு முழு வீட்டை எடுத்துவிடலாம். தோட்டத்துக்குள் தனியாக நிற்கும் சின்ன வீடுகள், கிடுகு வேய்ந்த கபானாக்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டிப் பூட்டி வைத்திருக்கும் பெரிய வீடுகள் என்று பல தினுசில் கிடைக்கின்றன.

விளம்பரப் படங்களில் கடலும் கட்டிலும்தான் தெரியும். தங்கும் நாட்கள் நன்றாகப் போகுமா என்பதைத் தீர்மானிப்பதோ கிணறும் குசினியும், அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளும். படத்தில் வராத இந்த விஷயங்களை எப்படி விசாரிப்பது, வந்த பிறகு எப்படிச் சமாளிப்பது என்பதற்கே இந்த வழிகாட்டியில் கூடுதல் இடம்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

கடலுக்காக வருகிறீர்களா, வயல்வெளிக்காக வருகிறீர்களா? இரண்டுக்கும் காலம் வேறு.

மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். குளிக்கலாம், புறாத்தீவுக்குப் போகலாம், திமிங்கிலம் பார்க்கப் படகில் ஏறலாம். ஆனால் அதே மாதங்களில்தான் கச்சான் காற்று வீசும். மேற்கிலிருந்து காட்டையும் காய்ந்த வயலையும் கடந்து வருகிற காற்று, அடுப்படியில் நிற்பது போல முகத்தில் அடிக்கும். பகல் 35 பாகையைத் தாண்டுவது சாதாரணம். கிணறுகளும் இறங்கிவிடும்.

நவம்பர், டிசம்பர் மாதங்கள் வடகீழ்ப் பருவமழைக்கானவை. ஜனவரியிலும் மழை விட்டு விட்டுப் பெய்யும். கடல் கொந்தளிப்பாக இருக்கும். புயல்களும் இந்தக் காலத்தில்தான் வரும். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி கரை தொட்டது திருகோணமலைக்கு வடக்கே, திரியாய், குச்சவெளிப் பக்கம். இந்த மாதங்களில் வீடு மலிவாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் பிள்ளைகளோடு நாலு நாள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கத் தயாராக இருந்தால் மட்டும் வாருங்கள்.

நாட்டுப்புறத்தை ரசிக்க வேண்டும் என்றால் என் தெரிவு பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிய. மழை ஓய்ந்திருக்கும், குளங்கள் நிரம்பியிருக்கும், தம்பலகாமத்தில் பெரும்போக வயல்கள் விளைந்து அறுவடை நடக்கும். இரவில் போர்வை இழுத்துப் போடுமளவுக்குக் குளிர் மிச்சம் இருக்கும். மார்ச் பிறந்தால் கடலும் மெல்ல அடங்கத் தொடங்கும்.

கூட்டம் கூடும் நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரைப் புத்தாண்டு, ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை, போயாவோடு சேரும் நீண்ட வார இறுதிகள், சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வரும் நாட்கள், பங்குனித் திருவிழா. இந்த நாட்களில் வீடு கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். போயா தினத்தில் இறைச்சிக் கடையும் மதுக்கடையும் பூட்டு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எந்தப் பக்கம் வீடு பார்ப்பது

நிலாவெளி வீதியால் வடக்கே போனால் உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி. கடற்கரைக்கு நடந்து போகலாம், கடைகள் பக்கத்தில், ஆட்டோ எந்நேரமும் கிடைக்கும். உப்புவெளி இப்போது நகரத்தின் ஒரு துண்டு மாதிரியே ஆகிவிட்டது. நாட்டுப்புற அமைதி வேண்டும் என்றால் நிலாவெளியைத் தாண்டித் தேடுங்கள். இறக்கக்கண்டிப் பாலத்துக்கு அப்பால் பனையும் பற்றையும் களப்பும்தான்.

அநுராதபுர வீதியில் கன்னியா. கடல் இல்லை, மேடும் மரமுமான இடம். வெந்நீர்க் கிணறுகளுக்குக் காலையில் முதல் ஆளாகப் போய்விடலாம் என்பது பெரிய வசதி.

கண்டி வீதியால் போனால் தம்பலகாமம். வயலும் வாய்க்காலும் மாடும் கொக்கும், நடுவே ஆதிகோணேசுவரர் கோயில். சுற்றுலாக்காரர்கள் தங்கும் வீடு இங்கே குறைவு. தெரிந்தவர் மூலம்தான் அனேகமாகக் கிடைக்கும். கிடைத்தால் விடாதீர்கள். வயலைப் பார்த்தபடி திண்ணையில் இருந்து தேத்தண்ணீர் குடிக்க இதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் இல்லை என்பது என் கட்சி.

தெற்கே குடாவுக்கு அப்பால் கிண்ணியா, மூதூர், சம்பூர். ஒரு காலத்தில் பாதை (ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவை) ஏறிக் கடக்க வேண்டிய துறைகள். 2009 இல் திறந்த 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்துக்குப் பிறகு நகரிலிருந்து போய்வருவது இலேசு. நல்ல மீன், நல்ல தயிர், குறைந்த கூட்டம். ஆனால் உணவகம், படகுச் சவாரி போன்ற ஏற்பாடுகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

வயதானவர்கள் யாராவது கூட வருகிறார்கள் என்றால், எந்தப் பக்கம் எடுத்தாலும் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுவிடுங்கள்.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது

இணையத்தில் பார்த்தாலும் சரி, யாராவது சொல்லிக் கேள்விப்பட்டாலும் சரி, காசு போடுவதற்கு முன் போனில் பேசுங்கள். குறுஞ்செய்தியில் எல்லாவற்றுக்கும் "ஓம், இருக்கு" என்றுதான் பதில் வரும். பேசினால்தான் இழுப்பும் தயக்கமும் தெரியும்.

தண்ணீரில் தொடங்குங்கள். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் சவர். வரட்சி முற்ற முற்றச் சவர் கூடும். சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறாகும், தேத்தண்ணீர் வாயில் வைக்க முடியாது. பேச்சு அனேகமாக இப்படிப் போகும்:

"அண்ணை, கிணத்துத் தண்ணி எப்பிடி?"

"நல்ல தண்ணி தம்பி. தாராளமாக் குளிக்கலாம்."

"குடிக்கலாமோ?"

"குடிக்கக் கேன் எடுத்துத் தரலாம்."

இந்தக் கடைசிப் பதில் வந்தால் தண்ணீர் சவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது குற்றமில்லை, முன்கூட்டியே தெரிந்தால் போதும். குழாய்த் தண்ணீர் இணைப்பு இருக்கிறதா, மேலே தாங்கி எத்தனை லீற்றர், கரண்ட் போனால் மோட்டர் இல்லாமல் கிணற்றில் அள்ள வாளியும் கயிறும் இருக்கிறதா என்று தொடர்ந்து கேளுங்கள். பத்துப் பேர் குளித்துச் சமைத்துக் கழுவ 500 லீற்றர் தாங்கி போதாது. ஒரு நாளைக்குள் இரண்டு மூன்று தடவை நிரப்ப வேண்டி வரும். சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் கிணற்றுக்கட்டு எத்தனை அடி உயரம், மூடி இருக்கிறதா என்பதையும் சேருங்கள். வயல் பக்கத்து வீடுகளில் கட்டு முழங்கால் உயரத்துக்கே இருக்கும் கிணறுகள் இன்னும் உண்டு.

அடுத்தது கூரை. கிடுகோ ஓடோ என்றால் இரவு குளிரும். தகரம், சீற்று, அல்லது மேல் மாடி இல்லாத கொங்கிறீற் தட்டு என்றால் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவு முழுக்கக் கக்கும். அப்படியான வீட்டுக்கு ஏசி இல்லாமல் ஜூன், ஜூலையில் போவது வீண். ஏசி இருக்கிறது என்றால் கரண்ட் பில் வாடகைக்குள் அடங்குமா, மீற்றர் பார்த்துத் தனியாக எடுப்பார்களா என்று தெளிவாகக் கேளுங்கள். மனஸ்தாபம் அதிகம் வருவது இந்த இடத்தில்தான்.

குசினி என்று சொல்வதற்குள் என்னென்ன அடங்கும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். சில இடங்களில் குசினி என்றால் ஒரு மின்கேத்தலும் நாலு கோப்பையும். கேஸ் அடுப்பு எத்தனை வாய், சிலிண்டர் நிறைந்ததா, பத்துப் பேருக்குச் சோறு வடிக்கப் பானை இருக்கிறதா, குளிர்சாதனப் பெட்டி வேலை செய்கிறதா, தேங்காய் துருவத் திருவலை இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். குசினியை இப்போதே படம் எடுத்து அனுப்பச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டின் ஒழுங்குமுறையையும் கேட்டு வையுங்கள். சைவக் குடும்பத்தின் வீடு என்றால் மாட்டிறைச்சி சமைக்கக் கூடாது என்பார்கள். சிலர் வெள்ளிக்கிழமை மச்சமே வேண்டாம் என்பார்கள். முஸ்லிம் குடும்பத்தின் வீட்டில் பன்றி இறைச்சிக்கும் மதுவுக்கும் இடமில்லை. திருமணமாகாத சோடிகளுக்குக் கொடுக்காத இடங்களும் உண்டு. வாசலில் வந்து நின்று வாக்குவாதப்படுவதைவிடப் போனிலேயே தெரிந்துகொள்வது இரு பக்கத்துக்கும் மரியாதை.

கடைசியாக, வீட்டைப் பார்த்துக்கொள்வது யார்? உரிமையாளர் கொழும்பிலோ லண்டனிலோ இருக்கலாம். பக்கத்து வளவில் இருந்து திறப்பு கொண்டுவந்து தருகிற அண்ணைதான் உங்களுக்கு எல்லாம். அவருடைய போன் இலக்கத்தைத் தனியாக வாங்குங்கள். ஒரு முறை அவருடனும் பேசுங்கள். மோட்டர் பழுதானால் ஆள் கூப்பிடுவது, விடியற்காலையில் எங்கே மீன் வரும் என்று சொல்வது, தெரிந்த ஆட்டோவை அனுப்புவது எல்லாம் அவர் கையில்.

காசு விஷயம்

முற்பணம் கேட்பது வழக்கம். முழுத் தொகையையும் முதலே அனுப்ப வேண்டாம். வங்கிக் கணக்கின் பெயரும் வீட்டுக்காரர் சொன்ன பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறு பெயர் என்றால் காரணம் கேளுங்கள். நாட்கள், ஆட்களின் தொகை, வாடகை, கரண்ட் பில் யார் பொறுப்பு, வர முடியாமல் போனால் முற்பணம் திரும்புமா என்ற ஐந்தையும் ஒரே குறுஞ்செய்தியில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள். ஆட்களின் தொகையைக் குறைத்துச் சொல்லிவிட்டு வான் நிறைய ஆட்களோடு வந்து இறங்குவது நம்மவர்களின் பழைய வியாதி. கட்டிலும் தண்ணீரும் அந்தக் கணக்குக்குத்தான் ஆயத்தமாக இருக்கும். கஷ்டப்படப் போவது நீங்கள்தான்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வந்தால் அதன் பிரதியைக் கேட்பார்கள். உள்ளூர் விலை, வெளிநாட்டு விலை என்று இரண்டு வைத்திருக்கும் இடங்களும் உண்டு, எனவே கலந்து வரும் குடும்பம் என்றால் அதையும் முதலே பேசி முடியுங்கள்.

வந்து சேர்வது

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயில் எடுத்தால் கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிந்து விடியலில் திருகோணமலையில் இறக்கிவிடும். வீடோ பகலில்தான் கையில் கிடைக்கும். ஆகவே விடியக் கோணேசரைக் கும்பிட்டு, சந்தையில் சாமான் வாங்கிக்கொண்டு போவது நல்ல திட்டம். ரயில் நேரங்கள் மாறுவதால் புறப்படும் வாரத்தில் சரிபாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் வவுனியாவில் திரும்பி ஹொரவப்பொத்தானை வழியாக வரலாம். மட்டக்களப்பிலிருந்து வாகரை, வெருகல், மூதூர் வழி.

சொந்த வாகனம் என்றால் இருட்டுவதற்குள் வந்துவிடுங்கள். ஹபரணையிலிருந்து கந்தளாய் வரும் வீதியிலும், ஹொரவப்பொத்தானை வீதியிலும், வெருகல் பக்கத்திலும் யானை வீதிக்கு வரும். நாட்டுப்புற வீட்டுக்குத் திரும்பும் மண் பாதையை இரவில் கண்டுபிடிப்பதும் சிரமம். கூகுள் மேப் வயல் வரம்பில் கொண்டுபோய் விட்டுவிட்டு "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லும்.

எதைக் கொண்டு வருவது, எதை இங்கே வாங்குவது

நீங்கள் புழங்கிய தூள், வீட்டில் வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், இரண்டையும் கொண்டு வாருங்கள். கடைத்தூளில் கறி வைத்துவிட்டு வீட்டுச் சுவை வரவில்லை என்று நாலு நாளும் குறைப்படுவதற்கு இது எவ்வளவோ மேல். கூரான கத்தி ஒன்று, ஏனென்றால் வாடகை வீட்டுக் கத்தி வெண்ணெயை வெட்டவும் யோசிக்கும். நெருப்புப் பெட்டி, டோர்ச், நுளம்புத்திரி, கொடிக்கயிறு, பழைய படுக்கை விரிப்பு இரண்டு, குப்பைப் பைகள், காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்து, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி. புட்டு இல்லாமல் முடியாத ஆட்கள் நீத்துப்பெட்டியையும் தூக்கி வரட்டும்.

அரிசி, மரக்கறி, தேங்காய், மீன், முட்டை எல்லாம் இங்கேயே வாங்குங்கள். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து நெல் குற்றிய நாட்டரிசி கிராமத்துக் கடைகளில் கிடைக்கும். நாலு பேருக்கு நாளுக்கு ஒரு தேங்காய் என்று கணக்கு வையுங்கள், சம்பல் பிரியர்கள் இருந்தால் ஒன்றரை. பெரிய சாமான்களை நகரில் முடித்துவிட்டு, அன்றாடத் தேவையைப் பக்கத்துச் சில்லறைக் கடையில் வாங்குங்கள். அந்தக் கடை முதலாளியின் பழக்கம் நாலு நாளும் உதவும். கிண்ணியா, நிலாவெளி போன்ற இடங்களில் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும் என்பதால் மதியச் சமையலுக்கான சாமானைக் காலையிலேயே எடுத்துவிட வேண்டும். பாண் பற்றிக் கவலை வேண்டாம். பாட்டுப் போட்டுக்கொண்டு சூன்பாண் ஆட்டோ வீட்டு வாசலுக்கே வரும்.

முதல் அரை மணித்தியாலம்

திறப்பைக் கையில் வாங்கியதும் பிள்ளைகள் கடலைப் பார்க்க ஓடுவார்கள். ஒருவர் மட்டும் பின்தங்கி, வீட்டைப் பார்த்துக்கொள்பவர் போவதற்குள் அவருடன் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எல்லாக் குழாய்களையும் திறந்து பார்க்க வேண்டும். மோட்டர் சுவிட்ச் எங்கே, தாங்கி நிறைந்தால் தானாக நிற்குமா, நாம்தான் நிறுத்த வேண்டுமா? டிரிப் சுவிட்ச் எங்கே? மலசலகூடத்தில் தண்ணீர் ஒழுங்காக இறங்குகிறதா? கரண்ட் பில் தனி என்றால் மீற்றரை அவர் முன்னாலேயே படம் எடுங்கள். ஏற்கெனவே உடைந்த கதிரை, கீறல் விழுந்த மேசை இருந்தால் அதையும் படமெடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள்.

சிலிண்டரில் எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு கோப்பை சுடுதண்ணீரைச் சிலிண்டரின் ஒரு பக்கமாக மேலிருந்து கீழே ஊற்றி, கையால் தடவி வாருங்கள். சூடு ஏறிய இரும்பு ஓரிடத்தில் சட்டென்று குளிரும். அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கேஸ் இருக்கிறது. கோடு அடியோடு அடியாக இருந்தால் அவரிடம் அப்போதே சொல்லி மாற்று சிலிண்டர் கேளுங்கள், இரவு எட்டு மணிக்கு அடுப்பு அணைந்த பிறகு அல்ல. அப்படியே ரெகுலேட்டர் பொருந்தும் இடத்திலும் குழாயிலும் சோப்புத் தண்ணீர் பூசிப் பாருங்கள். குமிழ் வந்தால் கசிவு. 2021 கடைசியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்த நாட்களை மறந்தவர் இங்கே யாருமில்லை, நீங்கள் இப்படிப் பரிசோதிப்பதைப் பார்த்து ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

வீட்டுக்குப் பின்னால் விறகடுப்பு இருந்தால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொச்சும் சிரட்டையும் வளவுக்குள்ளேயே கிடக்கும். சோற்றுக்கும் குளிக்கும் சுடுதண்ணீருக்கும் விறகு, கறிக்குக் கேஸ் என்று பிரித்துவிட்டால் சிலிண்டர் கடைசி நாள் வரை தாங்கும்.

மீனும் குசினியும்

இப்படியான வீட்டை எடுப்பதன் பாதி இன்பம் இங்கேதான்.

கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் காலையில் கரைவலை இழுப்பார்கள். வலை கரையேறும்போது குறுக்கே நின்று படமெடுக்காமல், கயிற்றில் ஒரு கை கொடுங்கள். மடி திறந்த பிறகு வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் விலை கேட்கலாம். சூடை, கீரி, கும்பளா என்று சின்ன மீன்கள் குவியலாக வரும், சில நாள் பாரையும் கணவாயும். தமிழர் என்றால் அண்ணை, முஸ்லிம் என்றால் நானா என்று கூப்பிட்டுப் பேசினால் பேச்சு இலேசாக நடக்கும். படகில் வரும் பெரிய மீன்களுக்குத் துறையடியோ நகரச் சந்தையோ நல்லது.

மீனின் பூவை (செவுளை) தூக்கிப் பாருங்கள், இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் தெளிவாக வெளியே துருத்தி நிற்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிமிர வேண்டும். இவை எல்லா ஊருக்கும் பொது. சூரை மீனுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். பிடித்த பிறகு வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் ஊறிவிடும். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஐஸில் வைத்த சூரை என்றால் மட்டும் வாங்குங்கள், வாங்கியதும் வெயிலில் ஊர் சுற்றாமல் நேரே வீட்டுக்கு வாருங்கள். வெட்டித் துப்புரவாக்கித் தர ஆள் இருந்தால் அங்கேயே முடித்துவிடுவது உத்தமம். மீன் கழிவை வளவில் போட்டால் காகமும் நாயும் ஈயும் உங்களோடு குடியேறிவிடும். ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள்.

முதல் நாள் களைப்புக்கு மீன் சொதியும் பாணும் போதும். அரை மணித்தியால வேலை. தேங்காயைத் துருவி, முதற்பாலைத் தனியே பிழிந்து வையுங்கள். இரண்டாம் பாலைச் சட்டியில் ஊற்றி, சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை வெந்தயம், மஞ்சள், உப்பு போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். வெங்காயம் வெந்ததும் மீனைப் போட்டு, கரண்டி விடாமல் சட்டியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டி விடுங்கள், கிளறினால் மீன் உதிரும். மீன் வெந்ததும் தீயைக் குறைத்து முதற்பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும் தறுவாயில் இறக்குங்கள். தேசிக்காய்ப் புளியை இறக்கிக் கொஞ்சம் ஆறிய பிறகுதான் விட வேண்டும். அடுப்பில் இருக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும்.

தயிருக்கு அலைய வேண்டியதில்லை. எருமைத் தயிர் சட்டி சட்டியாகக் கண்டி வீதியோரத்திலும் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலும் விற்கும். மண்சட்டியைக் கொஞ்சம் சரித்துப் பாருங்கள், தயிர் அசையாமல் நின்றால் எடுங்கள். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் பாணி விட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்தால் அன்றைய பின்னேரத் திட்டங்கள் எல்லாம் தானாக ரத்தாகும்.

யார் சமைப்பது என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். வீட்டிலும் அம்மா சமையல், விடுமுறையிலும் அம்மா சமையல் என்றால் அவருக்கு இது எந்த விதத்தில் விடுமுறை? ஆளுக்கொரு வேளை என்று பிரியுங்கள். ஆண்கள் தேங்காய் துருவட்டும். ஒரு நாளாவது பக்கத்து வீட்டு அக்காவிடம் காசு கொடுத்து இடியப்பமோ மதியச் சாப்பாடோ சொல்லி வையுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள், ருசியும் வேறு.

இரவுக்கு

மாலை ஐந்தரைக்கே யன்னல்களைச் சாத்திவிட்டு நுளம்புத்திரி கொளுத்துங்கள். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும் என்பதால் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். 2017 இல் கிண்ணியாவைப் படுத்திய டெங்கை ஊரார் இன்னும் பேசுவார்கள். வாளி, சிரட்டை, பூச்சாடித் தட்டு எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

வயலும் பற்றையும் உள்ள இடத்தில் பாம்பு இருக்கும். பயந்து சாக வேண்டியதில்லை, சில பழக்கங்கள் போதும். இரவில் வெளியே இறங்கினால் கையில் டோர்ச், காலில் செருப்பு. தரையில் பாய் போட்டுப் படுப்பதைத் தவிருங்கள். கட்டில் இல்லாமல் தரையில் படுப்பவர்கள் நுளம்பு வலையைக் கட்டி விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். கட்டுவிரியன் இரவில்தான் வீட்டுக்குள் வரும், கடித்தது தெரியாமலே தூங்கிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஏதும் நடந்தால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்டவரை ஆடாமல் கிடத்தி 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பொலிஸ் 119, புயல் வெள்ளம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

யானை வரும் பகுதியா என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள். வரும் என்றால் வாழைக்குலை, பலாப்பழம், அரிசி மூட்டை, உப்பு எதையும் திண்ணையில் வைக்காதீர்கள். வாசம் பிடித்து வரும். நாய்கள் விடாமல் குரைத்தால் டோர்ச் அடித்துக்கொண்டு பார்க்கப் போக வேண்டாம். உள்ளேயே இருந்து அவருக்குப் போன் எடுங்கள்.

பகலில் போய்வர

நாளுக்கு ஓரிடம் போதும். கன்னியாவுக்கு விடியக் காலையில் போங்கள், வெயில் ஏறிய பின் வெந்நீரில் குளிப்பதில் என்ன சுகம்? ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறுபடும், வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டும். இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியது என்பது ஐதீகம். ஆடி அமாவாசையில் பிதிர்க்கடனுக்கு வருகிற கூட்டம் பெரிது, அன்று சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள்.

கோணேசர் கோயிலுக்கு பிரட்றிக் கோட்டைக்குள்ளால்தான் வழி. உள்ளே இராணுவம் இருக்கிறது, வாசலில் சோதிக்கக்கூடும். புள்ளிமான்கள் கிட்ட வரும். பிஸ்கட் பக்கெற்றோடு நீட்டாதீர்கள், பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடும். நிலாவெளி வீதியில் பெரியகுளத்துக்குப் பக்கம் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி, தமிழ்க் கல்வெட்டுகளோடு. வரலாற்றில் கொஞ்சம் நாட்டமுள்ளவர்கள் தவற விடக்கூடாத இடம், ஆனால் கூட்டமே இருக்காது.

புறாத்தீவு 2003 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. நிலாவெளிக் கரையில் வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட்டும் படகும் எடுக்க வேண்டும், இரண்டுக்கும் கட்டணம் வேறு வேறு. முருகைக்கல்லில் கால் ஊன்றாதீர்கள், அது உயிருள்ளது, காலையும் கிழிக்கும். காலை எட்டு மணிக்கு முன் போனால் கடல் தெளிவு, ஆட்களும் குறைவு.

கடலில் இறங்குமுன் அந்தக் கரையில் நிற்கும் மீனவர் ஒருவரிடம் கேளுங்கள். இறக்கக்கண்டி போலக் களப்பு கடலோடு சேரும் வாய்களில் நீரோட்டம் இழுக்கும், அங்கே குளிக்கவே வேண்டாம். சொறிமுட்டை (ஜெல்லிமீன்) பட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் எரிவைக் கூட்டும்.

புறப்படும் நாள்

முந்தின நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்யத் தொடங்குங்கள். மிஞ்சிய அரிசி, பருப்பு, உடைக்காத தேங்காய் எல்லாவற்றையும், வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் குடும்பத்துக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுக்கலாம். திறந்து பாதியாகக் கிடக்கும் பைகளை அல்ல, கட்டி ஒழுங்காக. பிளாஸ்டிக்கையும் போத்தல்களையும் தனியாகக் கட்டுங்கள். கிராமப் பக்கம் குப்பை வண்டி வராத இடம் என்றால் நகரம் வரை வாகனத்தில் கொண்டுபோய்விடுவது நல்லது; வளவில் எரித்தால் புகை அயலவருக்குத்தான்.

சட்டிபானையைக் கழுவிக் கவிழ்த்து, கேஸைச் சிலிண்டரிலேயே மூடி, மோட்டரை நிறுத்தி, மீற்றரை மறுபடி படமெடுங்கள். உடைந்த கிளாஸ் ஏதும் இருந்தால் ஒளிக்காமல் சொல்லி விலையைக் கொடுத்துவிடுங்கள். கரண்ட் கணக்கை, வீட்டைப் பார்த்துக்கொள்பவர் முன்னாலேயே கூட்டி, மிச்சக் காசையும் அவர் முன்னாலேயே வீட்டுக்காரருக்கு அனுப்பி, அனுப்பியதன் படத்தை இருவருக்கும் போடுங்கள். அந்த அண்ணைக்குக் கொடுப்பது வாடகையில் சேராது. அவர் கையில் தனியாக, நேரே கொடுங்கள். இரவு ரயில் எடுக்கிறவர்களுக்குப் பின்னேரம் வரை வீடு தேவைப்படும். அடுத்த ஆட்கள் வராவிட்டால் சம்மதிப்பார்கள், ஆனால் அதை முந்தின நாளே கேட்டுவிட வேண்டும்.